பிறந்த வீட்டுக்குப் போன மூன்று கார்கள்

போன இதழில் எங்கள் பயணத்தைப் பற்றி நாலு பாரா எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, "அடுத்த தடவை என்னையும் கூட்டிப் போங்கள்" என்கிற ரகம். மீதிப் பாதியில்தான் கேள்வி இருந்தது. அந்த இதழைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 1967 அம்பாசிடர் மார்க் 2. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நண்பருடையது 1975 பிரீமியர் பத்மினி. பல் டாக்டர் நண்பருடையது 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்று வண்டிகளும் எங்கெங்கே தயாராயினவோ, அந்த மூன்று இடங்களுக்கும் அவற்றையே ஓட்டிக்கொண்டு போய் வந்தோம். ஹெரால்டுக்கு நம்ம வண்டலூர், பத்மினிக்கு பம்பாயின் குர்லா, அம்பாசிடருக்கு கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா. சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரி பாகக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். இப்போது கல்லாவில் பையன் உட்காருகிறான். அதனால்தான் இதற்கெல்லாம் நேரம்.

மூடிக் கிடக்கிற ஃபேக்டரிகளைப் பார்க்க ஐயாயிரம் கிலோமீட்டரா? பெட்ரோல் விலை தெரியும்தானே?
— வேலூர் வாசகர்

தெரியும் சார். அம்பாசிடர் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் போட மனசில்லை.

பார்க்க என்ன இருந்தது என்று கேட்டால், வண்டலூரில் ஒன்றுமில்லை. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் ஐ.டி. கம்பெனிகளும் நிற்கின்றன. 1961இல் இங்கேதான் ஹெரால்டு உற்பத்தி தொடங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம், 948 சி.சி. இன்ஜின். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரங்கட்டி, டாக்டர் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகச் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஆபீஸ் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து படம் எடுத்தார்கள். "இந்தக் காரை உங்க ஆபீஸ் இருக்கிற இடத்துலதான் செஞ்சாங்க" என்று டாக்டர் சொன்னார். மரியாதைக்குத் தலையாட்டினார்கள், நம்பியதாகத் தெரியவில்லை.

குர்லாவிலும் அதே கதைதான், அங்கே அடுக்குமாடிகள். ஆனால் அங்கே ஒன்று நடந்தது. இருபது வருட வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் கடைசியோடு பத்மினி டாக்ஸிகள் பம்பாய்த் தெருக்களிலிருந்து போயே போய்விட்டன. எங்கள் பத்மினியைப் பார்த்ததும் ஒரு வயதான டாக்ஸிக்காரர் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கை ஒட்டியிருக்கும் கியரை நாலு திசையிலும் போட்டுப் பார்த்தார், இறங்கினார். "லிங்கேஜ் புஷ் போயிடுச்சு, பார்த்துப் போங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கியர் கம்பிகளின் மூட்டில் இருக்கிற சின்ன வளையம்தான் புஷ். அவர் வாக்கு எப்படிப் பலித்தது என்பது கீழே வருகிறது.

உத்தர்பாராதான் நெஞ்சில் நிற்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்து, 1948இல் இங்கே இடம் மாறியது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை வைத்து அம்பாசிடர் செய்தார்கள். 2014 மே மாதம் கதவடைத்தார்கள். 2017இல் 'அம்பாசிடர்' என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு விற்றார்கள். ஒரு காலத்தில் அந்த ஃபேக்டரிக்கென்றே ரயில் நிற்கும். நிலையத்தின் பெயரே ஹிந்த் மோட்டார். இன்றும் லோக்கல் வண்டிகள் நிற்கின்றன. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஃபேக்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பெயர்ப்பலகை அடியில் நின்றுகொண்டார்.

கேட்டில் உள்ளே விடவில்லை, விடுவார்கள் என்று நாங்களும் நினைக்கவில்லை. எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவராம். என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பின்கதவின் விளிம்பில் நகத்தால் தடவினார். "இது வேற வண்டிக் கதவு" என்றார். இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து உள்பக்க அட்டையைக் கழற்றினால் அடியில் வேறு நிறம். இதற்கு ஐயாயிரம் கிலோமீட்டர் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எந்த வழியாகப் போனீர்கள்? எக்ஸ்பிரஸ் சாலைகளில் பழைய கார்களை விடுகிறார்களா?
— ஓசூர் வாசகர்

பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, கோலாப்பூர், புனே, மும்பை. அங்கிருந்து கசாரா மலை ஏறி நாசிக், துலே, அகோலா, நாக்பூர், ராய்ப்பூர், சம்பல்பூர், கியோஞ்சர், கரக்பூர், கல்கத்தா. திரும்பும்போது 16ஆம் எண் நெடுஞ்சாலையில் சிலிகா ஏரிக்கரை, விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் என்று நேரே இறங்கிவிட்டோம்.

எக்ஸ்பிரஸ் சாலையில் கார் என்றால் விடுவார்கள். நாங்கள்தான் போகவில்லை. மும்பை பக்கமிருந்து நாக்பூர்வரை 701 கிலோமீட்டர் ஓடுகிற சம்ருத்தி எக்ஸ்பிரஸ் சாலையில் வழுக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தச் சாலை ஊருக்குள் போகாது. ஊர் இல்லையென்றால் பட்டறை இல்லை, லேத் இல்லை, சைக்கிள் கடைகூட இல்லை. சிமென்ட் ரோடு சூட்டில் டியூப் வைத்த டயரை நாள் முழுக்க ஓட்டவும் எனக்குப் பயம். பழைய சாலையில் அறுபது, அறுபத்தைந்தில் போனோம். ஹெரால்டுதான் முன்னால் போகும். இருப்பதில் மெதுவான வண்டி முன்னால் போவது என்பது எங்கள் விதி. வேகமான வண்டி முன்னால் போனால் சாயங்காலத்துக்குள் நட்பு முறிந்துவிடும்.

கசாரா மலைக்கு மட்டும் விடியுமுன் கிளம்பினோம். குளிர்ந்த காற்றில் ஏறினால் மூன்று வண்டிகளும் கொதிக்காமல் இகத்புரி போய்ச் சேரும். பத்து மணிக்கு மேல், லாரிக்குப் பின்னால், இரண்டாம் கியரில் ஏறிப் பாருங்கள். ரேடியேட்டர் பேச ஆரம்பித்துவிடும். ஒடிசாவில் தேவ்கட், கியோஞ்சர் பக்கம் காட்டு வழி, யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். டைனமோ வைத்த வண்டி மெதுவாகப் போகையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஹெட்லைட் மெழுகுவர்த்தி அளவுக்கு வந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

என்னென்ன ஸ்பேர் எடுத்துப் போக வேண்டும்?
— ராஜபாளையம் வாசகர்

கடைக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் கடையையே ஏற்றச் சொல்வான். உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான். சி.பி. பாயிண்ட், கண்டென்ஸர், ரோட்டர் (மூன்றும் பிளக்கில் பொறி வர வைப்பவை), ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்ப்புக்கு டயாஃப்ரம், வீல் சிலிண்டருக்கு ரப்பர் கப்பு, ரேடியேட்டர் ஹோஸ், ஹெட் கேஸ்கட். இதில் கண்டென்ஸரை மட்டும் இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற சரக்கு, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்துப்போயிருக்கும். பழைய கடையில் தூசி படிந்த பெட்டி கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.

டயர் விஷயத்தில் எங்களுக்கு வேடிக்கையான தலைவலி. அம்பாசிடருக்கு 15 அங்குல வீல், பத்மினிக்கு 14, ஹெரால்டுக்கு 13. ஒருவர் ஸ்டெப்னி இன்னொருவருக்கு ஆகாது. ஆளுக்கு இரண்டு ஸ்டெப்னி என்று ஆறு டயர், போதாததற்கு மூன்று அளவில் டியூப். டாக்டர் பின் சீட்டில் டயரோடுதான் பயணம் செய்தார்... மன்னிக்கவும், டயர்தான் பயணம் செய்தது, அவர் ஓட்டினார்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முன் வீலைத் தாங்குகிற காலின் அடியில் டிரன்னியன் என்று ஒரு மூட்டு இருக்கிறது, அதற்கு கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான். நிப்பிளைப் பார்த்ததும் எல்லாப் பட்டறையிலும் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கிரீஸ் அந்த மரைக்குள் சரியாக இறங்காது, உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் அந்தக் கால் ஒடிந்து, வீல் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். டாக்டர் கிளம்புமுன்னும் நாக்பூரிலும் கல்கத்தாவிலும் தானே சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து ஆயில் அடித்தார். வேறு யாரையும் நம்பமாட்டார்.

இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலில் பழைய வண்டி ஓடுமா?
— சேலம் வாசகர்

ஓடும். ஆனால் வண்டியைத் தயார் செய்துவிட்டு ஓட்ட வேண்டும். இருபது சதவீத எத்தனால் இப்போது எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாய் இதில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். பம்ப் டயாஃப்ரமும் கார்புரேட்டர் வாஷரும் அப்படித்தான். எத்தனால் தாங்குகிற குழாயாகப் பார்த்து டேங்க்கிலிருந்து கார்புரேட்டர்வரை மொத்தமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். ஓட்டாத வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம்.

மதிய வெயிலில் வண்டி திடீரென்று இருமி நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப்பால் இழுக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகும். அகோலா, நாக்பூர் இருக்கிற விதர்பா பக்கம் எங்களுக்கு இதற்காகவே நிறைய டீ உள்ளே போனது, அதுவும் குளிர் மாதத்தில். சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம்.

இன்னொன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. பழைய இன்ஜினில் வால்வு வந்து உட்காருகிற சீட்டு தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். நெடுந்தூரம் கிளம்புமுன் ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான சீட்டு போட்டுவிடுங்கள். ஒருமுறை செலவு, அப்புறம் கவலை இல்லை.

வழியில் பெரிதாக எதுவும் மக்கர் பண்ணவில்லையா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— நாகர்கோவில் வாசகர்

மறைக்க என்ன இருக்கிறது? துலே தாண்டி ஒரு டோல்கேட். என் வண்டியும் ஹெரால்டும் போய்விட்டன. பத்மினியின் ஃபாஸ்டாக் 'பீப்' என்றது, கம்பம் உயர்ந்தது, வண்டி நகரவில்லை. கியர் ஒன்றுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பின்னால் லாரி ஹாரன், அதற்குப் பின்னால் பஸ் ஹாரன். கம்பம் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் பதறவே இல்லை. வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ரயிலை அவுட்டரில் நிறுத்தியிருப்பார்! நிதானமாக இறங்கினார், பானெட்டைத் திறந்தார், ஸ்டீயரிங் கம்பின் அடியில் இருக்கிற இரண்டு லீவரையும் கையாலேயே தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், துண்டில் கை துடைத்தார், கிளம்பினார். குர்லா டாக்ஸிக்காரர் சொன்னது அப்படியே நடந்தது.

அகோலாவில் ஒரு லேத் பட்டறை. எங்களுக்கு மராத்தி வராது, பட்டறைக்காரருக்கு மராத்தி தவிர எதுவும் வராது. தேய்ந்த புஷ்ஷை உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார், வெர்னியர் வைத்து அளந்தார், ஒரு பித்தளைத் துண்டை எடுத்து மாட்டினார். மதியச் சாப்பாட்டுக்குள் புது புஷ் ரெடி. பத்மினி கியர் ஃபேக்டரியிலிருந்து வந்த அன்றுகூட அவ்வளவு வழவழப்பாக விழுந்திருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். ஸ்பேர் எங்கேயாவது கிடைக்கும், இல்லாவிட்டால் செய்துகொள்ளலாம். கை வைக்கத் தெரிந்த ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார். புது ஷோரூமில் போய் "பாயிண்ட் கேப் பாருப்பா" என்றால் பையன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வருவான். அதனால் வெளியூரில் கார் மெக்கானிக்கைத் தேடாதீர்கள்; பழைய புல்லட் மெக்கானிக்கைத் தேடுங்கள். காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டிலும் இதே பாயிண்ட், இதே கண்டென்ஸர்தான். சம்பல்பூரில் என் அம்பாசிடர் மிஸ்ஸிங் அடித்தபோது, பெரியவர் ஒருவர் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ்கூட எடுக்கவில்லை. பிளேடு அட்டையைக் கிழித்து பாயிண்ட் இடைவெளியில் விட்டுப் பார்த்தார், ஸ்குரூவைத் திருகினார், முடிந்தது. பிறகு நான் கேஜ் வைத்து அளந்தேன். சரியாகப் பதினைந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) இருந்தது. அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பக்கத்தில் சிஷ்யன் என்று யாரும் இல்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி 1970 மாடல். 'வின்டேஜ்' நம்பர் வாங்கிவிட்டால் தொல்லை இல்லாமல் இந்தியா முழுக்கச் சுற்றலாம் என்கிறார் புரோக்கர். உண்மையா?
— திருச்சி வாசகர்

நேர் எதிர். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, உருமாற்றாத வண்டிக்கு நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சி, வின்டேஜ் ராலி, அவற்றுக்குப் போக வர, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். நினைத்தபோதெல்லாம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடவே கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களைப் போல ஊர் சுற்றுகிற ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டிப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் ஃபாஸ்டாக் வாங்குவதற்கே அல்லாட வேண்டியிருக்கும்.

டெல்லிப் பக்கம் கிளம்புகிறவர்கள் அங்கே பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு உள்ள தடை அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கோர்ட்டில் அது மாறிக்கொண்டே இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு 63 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஷெட்டிலேயே குடியிருக்கிறார். அனுப்பலாமா? கோபமாகத்தான் கேட்கிறேன்.
— கும்பகோணம் வாசகி

கோபம் நியாயம்தான் அம்மா. என் வீட்டிலும் இதே கேள்விதான், இதைவிடச் சத்தமாக. அனுப்புங்கள், ஆனால் சில நிபந்தனைகளோடு. தனியாக வேண்டாம், ஒரு வண்டிக்கு இரண்டு பேர். இருட்டினால் ஓட்டக் கூடாது. மாத்திரை டப்பா டிக்கியில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முக்கியமாக பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் நாலு வீலுக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஒரு வீலில் ஆயில் கசிந்தாலும் பெடல் தரைவரை இறங்கிவிடும். கிளம்புமுன் நாலு வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் புதுசு போட்ட பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டும் மாட்டச் சொல்லுங்கள். பில் வராமல் சாவி கொடுக்காதீர்கள்.

அவரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஏ.சி. இல்லாமல் எப்படித் தாங்கினீர்கள்?
— சென்னை வாசகர்

முன் ஜன்னலில் இருக்கிற முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக மார்பில் வந்து அடிக்கும். நின்றால் வேர்க்கும், ஓடினால் வேர்க்காது.

எங்கள் தாத்தாவின் ஃபியட் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. 1966 மாடல் என்கிறார்கள், ஆர்.சி. இல்லை. முன்கதவு பின்பக்கமாகத் திறக்கும். தை மாதத்துக்குள் தயார் செய்து நண்பர்களோடு கிளம்ப ஆசை. முடியுமா?
— மயிலாடுதுறை வாசகர்

தம்பி, முன்கதவு அப்படித் திறந்தால் அது 1966 இல்லை. 1964இல் ஃபியட் 1100 டி மாடல் வந்தபோதே முன்கதவை இப்போதுள்ள மாதிரி மாற்றிவிட்டார்கள். உங்களுடையது அதற்கும் மூத்தது. சந்தோஷப்படுங்கள், பிறகு கவலைப்படுங்கள், ஏனென்றால் அதற்குக் கதவு ரப்பரும் கண்ணாடியும் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

முதலில் இன்ஜினைத் தொடாதீர்கள். எல்லோரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, கதவுக்கு அடியில் ஓடுகிற பட்டியையும் ஜாக் வைக்கிற இடத்தையும் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகர வேலைக்கே ஆறு மாதம். அது கெட்டியாக இருந்தால் இன்ஜின் பெரிய விஷயமில்லை. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, நாலு நாள் ஊறவைத்து, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். செல்ஃப் அடிக்காதீர்கள். இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் சுரண்டாமல் டீசலில் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். தாத்தா எந்த ஆர்.டி.ஓ.வில் வரி கட்டினார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, அங்கே போய் நகல் ஆர்.சி.க்கு எழுதிக் கொடுங்கள். தாத்தா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றும் வேண்டும்.

இந்தத் தைக்கு முடியாது. அடுத்த தைக்குப் பாருங்கள். பம்ப் டயாஃப்ரம் மட்டும் இப்போதே சொல்லி வைத்தால் பையனிடம் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.